கொள்ளிடம் தாண்டாத சிறகன்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் சிறகன் பைத்தியம் பிடித்திருந்தது. சிறகன் என்பது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிவியில் வருகிற கார்ட்டூனில் பறக்கும் ஓர் இயந்திர டைனோசர். நீண்ட அலகும் தகரத்தில் வெட்டியது போன்ற இறக்கைகளுமாக வானத்தில் வரும். தரையைத் தொடுவதற்குள் அலகு கழுத்துக்குள் போய், இறக்கைகள் முதுகில் மடங்கி, கால்கள் நீண்டு, இரும்பு மனிதனாக நிற்கும். அந்தக் கூட்டத்தில் வேறு டைனோசர்களும் உண்டு. ஒன்று வாலால் அடித்தால் பாலம் இடியும். இன்னொன்று பூமிக்குள் துளை போட்டுக்கொண்டு போய் எதிரியின் வீட்டுக்குள் எழும்பும். சிறகனுக்கு அந்த மாதிரி சாமர்த்தியம் எதுவும் கிடையாது. முன்னால் பறந்து போய் வழி பார்த்து வர வேண்டும், அடிபட்டவர்களைத் தூக்கி வர வேண்டும், அவ்வளவுதான். அதிலும் அவனுக்குச் சரியாக இறங்க வராது. எதையாவது உடைத்துக்கொண்டுதான் இறங்குவான். "இறங்குறேன், இறங்குறேன், எல்லாரும் ஓரமா நில்லுங்க!" என்று அவன் கத்திக்கொண்டு வந்தால், இன்றைக்கு என்ன உடையப்போகிறதோ என்று நாங்கள் டிவிக்கு அருகில் நகர்ந்து உட்காருவோம். மற்ற டைனோசர்களெல்லாம் பாடப்புத்தகத் தமிழில் சவால் விட்டுக்கொண்டிருக்க, இவன் மட்டும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறவன் மாதிரி பேசுவான்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை. அவருடைய மொபெட் சத்தம் வாசலில் கேட்பதற்கும் கார்ட்டூனின் ஆரம்பப் பாட்டு வருவதற்கும் சரியாக இருக்கும். அப்பா டிவியை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேரே கொல்லைக் குழாயடிக்குப் போய், தேங்காய் நாரில் சோப்புத்தூளைத் தொட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பிப்பார். குழாயடி எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேர் பின்னால். கார்ட்டூன் முடிந்து அடுத்த நிகழ்ச்சி வரும்வரை அங்கே கை கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"தொட்டித் தண்ணி பூரா நீங்களே ஊத்திட்டா நாங்க என்னங்க பண்றது?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள்.

"கிரீஸ் போவ மாட்டேங்குதுடி," என்பார் அப்பா.

ரயில் கிரீஸ் அவ்வளவு பொல்லாதது என்று நான் நம்பினேன். வகுப்பில் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பது ஆல்பத்தைப் பார்த்துத்தான் தெரியும். அத்தையின் நிச்சயதார்த்தப் படங்களில் அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஓர் ஒல்லி ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படங்களில் அவர் இல்லை. எங்கே என்று கேட்டால் அம்மா ஆல்பத்தை மூடிப் பீரோவில் வைத்துவிடுவாள். பிறகு அத்தைதான் சொன்னாள். சித்தப்பாவுக்கு சினிமாவில் நடிக்க வேண்டும் என்று ஆசை. சென்னையில் போய்த் தங்கியிருந்தார். கல்யாணத்தன்று காலையில் வந்துவிடுவதாகச் சொன்னவர் வரவில்லை. முதல் நாள்தான் ஏதோ படத்தில் ஒரு வசனம் பேசக் கூப்பிட்டிருந்தார்களாம். பெண்ணின் கையில் பொரி போட வேண்டியவர் அவர். அவருக்காகக் காத்திருந்தால் முகூர்த்தம் தாண்டிவிடும் போலிருந்ததால், ஊரெல்லாம் பார்க்க, அப்பாவே மேடையேறிப் பொரி போட்டார். மறுநாள் காலை சித்தப்பா பையோடு வாசலில் வந்து நின்றபோது, இனிமேல் இந்தப் படியில் கால் வைக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் படம் வெளியானபோது சித்தப்பா பேசிய வசனத்தை வெட்டிவிட்டிருந்தார்கள் என்பதையும் அத்தைதான் சொன்னாள். கல்யாணம் அத்தையுடையது. அவளுக்கு வந்த கோபம் மறுவீட்டு விருந்துக்குள் தீர்ந்துவிட்டது. அப்பா மட்டும்தான் அதை வைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை பாலக்கரையில் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வந்தவள், கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டிவியில் சிறகன் ஒரு தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு இறங்கினான். டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே காபி அந்தரத்தில் நின்றுவிட்டது போல எனக்கு ஒரு ஞாபகம். புடவையில் கொட்டியது மட்டும் நிஜம்.

"அண்ணி, இது சின்னண்ணன் குரலு."

"எது?"

"இப்ப இறங்குச்சே, அது!"

அம்மா டிவியைப் பார்க்கவில்லை. கொல்லைப்புற ஜன்னலைத்தான் பார்த்தாள். "மெதுவாப் பேசு," என்றாள்.

அவர்கள் மூன்று பேரும் வளர்ந்த பாலக்கரைப் பழைய வீட்டில் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வரும்போது சித்தப்பா இதே வார்த்தைகளைத்தான் கத்துவாராம். கீழே நின்று அவரைப் பிடிக்கிற வேலை அப்பாவுடையதாம். அத்தை இதையெல்லாம் கிசுகிசுவென்று சொல்லி முடித்ததும், இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்றார்கள். நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வகுப்பில் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் பிரேயர் முடிந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

பிரசன்னா என்று ஒரு பையன், எங்கள் வீதிக்காரன். "உனக்கு ஏதுடி சித்தப்பா? நாங்க யாரும் பாத்ததே இல்லையே," என்றான். எதிர்பார்க்காத கேள்வி. டைனோசரைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்திருந்தேனே தவிர, சித்தப்பாவையே சந்தேகப்படுவார்கள் என்று நினைக்கவில்லை. நான் பதில் சொல்லாமல் விழித்ததைப் பார்த்து மொத்த வகுப்பும் முடிவுகட்டிவிட்டது. அதற்கப்புறம் நான் தண்ணீர் குடிக்கப் போனாலும், சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாலும், "ஓரமா நில்லுங்க, சித்தப்பா இறங்குறாரு!" என்று கத்துவார்கள். என்னோடு தினமும் ஊறுகாயைப் பங்குபோட்டுக்கொள்கிற பெண்கூட வேறு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நான் அடம்பிடிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது.

அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அத்தை யார் யாரிடமோ கேட்டு வாங்கிய நம்பருக்குப் போன் போட்டாள். பேசினாள், அழுதாள், சிரித்தாள். பிறகு போனை என் காதில் வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறகனுக்காகக் காத்திருந்தேன்.

"பாப்பாவா? எத்தனாவது படிக்கிற?" என்றது போன்.

ஊரில் எல்லோரும் கேட்கிற அதே கேள்வி, அதே மாதிரிக் குரல். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அத்தை போனைத் திரும்ப வாங்கி, "புள்ளைய ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்றாங்கண்ணே. ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போண்ணே," என்றாள். அவர் சொன்னது வெளியிலும் கேட்டது.

"சமயபுரம் வரைக்கும் வரேன். கொள்ளிடம் தாண்ட மாட்டேன். அண்ணன் கூப்பிடாம தாண்ட மாட்டேன்."

கடல், எரிமலை என்று எதை வேண்டுமானாலும் தாண்டுகிறவனுக்கு, ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் நடுவில் இருக்கிற கொள்ளிடம் எதற்குத் தடை என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் பங்குனி மாதம். ஆற்றில் தண்ணீரே இல்லை, கண்ணுக்கு எட்டியவரை மணல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லி அத்தை என்னைச் சமயபுரத்துக்குக் கூட்டிப் போனாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயிலா இருக்கு, குடை எடுத்துக்கங்க," என்றார். கோயில் வாசலில் நிற்க இடமில்லை. மஞ்சள் புடவைகளும் வேப்பிலையும் மொட்டைத் தலைகளுமாகக் கூட்டம். அந்த மொட்டைகளில் ஒன்று, சந்தனம் பூசிய புத்தம்புது மொட்டை, கையில் வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் பிரசன்னா. என்னைப் பார்த்ததும் அவன் அழுகையை அப்படியே விழுங்கிவிட்டு அவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.

சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்த சித்தப்பா ஆல்பத்தில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு பை, முன்பக்கம் முடி கொட்டி ஏறியிருந்த நெற்றி. சிறகனின் எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. அத்தையைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"இன்னும் கோவமா இருக்கியா?"

"எனக்கு ரெண்டு புள்ள பொறந்தாச்சு, போண்ணே," என்றாள் அத்தை.

அவர் குரல் கரகரவென்று, பழைய கதவு திறக்கிற மாதிரி இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, சிறகன் மாதிரி கத்தச் சொன்னேன்.

"தொண்டை கட்டிருக்கு பாப்பா. கொஞ்ச நாளா ஒரே சண்டை எபிசோடாப் போவுது. சிறகன் கத்துறது மட்டுமில்ல, அடிவாங்கி சாவுறவன் எல்லாருக்கும் நான்தான் கத்தணும்."

இதற்குள் பிரசன்னா அம்மாவின் முதுகை விட்டு வெளியே வந்துவிட்டான். துக்கத்தைவிட ஆர்வம் பெரிதாகிவிட்டது போல. "இவரா?" என்றான் என்னிடம். "இவரு குரலா அது?" பிறகு தன் அம்மாவிடம் திரும்பி, மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி, "அம்மா, இவ சும்மா ரீல் வுடுறாம்மா," என்றான்.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் பையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துக் கத்தினார். காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தினார். கொஞ்சம் சத்தம் வந்து இருமலில் முடிந்தது. பிரசன்னா சிரித்தான். நாளைக்கு வகுப்பில் என்ன நடக்கும் என்பது முழுதாக என் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தையே மாற்றிவிடச் சொல்ல வேண்டும், பொன்மலையில் ஏதாவது பள்ளிக்கூடம் இருக்கும், அப்பாவின் மொபெட்டில் போய்விடலாம் என்றெல்லாம் யோசித்துவிட்டேன்.

சித்தப்பா டீக்கடைக்குப் போனார். வெந்நீரில் உப்பைப் போட்டு, அத்தனை பேர் பார்க்க, சாக்கடை ஓரமாக நின்று கொப்பளித்தார். மிளகுத்தூள் போட்டுச் சூடான பால் வாங்கிக் குடித்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் மூங்கில் கழியில் பலூன்களோடு பொம்மைகளைக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சிறகன் தொங்கியது. அதைக் கழற்றி, இறக்கையை விரித்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இறங்குறேன், இறங்குறேன், எல்லாரும் ஓரமா நில்லுங்க!"

வந்துவிட்டது. டிவியில் கேட்பதைவிடப் பெரியதாக, நெஞ்சில் வந்து மோதுகிற மாதிரி வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பூக்காரம்மா கூடையோடு நிஜமாகவே ஓரமாக நகர்ந்தாள். பிரசன்னாவும் தன்னை அறியாமல் ஓரடி தள்ளி நின்றான். வாய் திறந்திருந்தது, வெள்ளரிக்காய் கீழே கிடந்தது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள், அதில் பாதி மொட்டை. ஆளாளுக்குப் பொம்மை கேட்டு அழ ஆரம்பித்தார்கள்.

பொம்மைக்காரம்மா சித்தப்பாவின் முழங்கையைத் தொட்டு, "தம்பி, இன்னொரு தடவ கத்துங்க. நல்லா யாவாரம் ஆவுது," என்றாள்.

அவரும் கத்தினார். கழியில் பலூன்கள் மட்டும் மிஞ்சும்வரை கத்தினார். அதற்குப் பிறகு அவரிடம் பேச்சே இல்லை, வெறும் கிசுகிசுப்புதான். என்னை ஒரு மர நிழலில் உட்காரவைத்து, காதருகே குனிந்து அந்தக் கிசுகிசுப்பில் கேட்டார்.

"நான் டிவில வர்ற நேரத்துல அப்பா வீட்ல இருப்பாரா?"

"இருப்பாரு. ஆனா பாக்க மாட்டாரு. கொல்லைல கை கழுவிக்கிட்டு இருப்பாரு."

"எவ்வளவு நேரம் கழுவுவாரு?"

"சிறகன் முடியற வரைக்கும். கிரீஸ் போவாதுல்ல?"

சித்தப்பாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையிலிருந்த பொம்மையை மனிதனாக மாற்றப் பார்த்தார். வரவில்லை. திரும்பவும் டைனோசராக்கப் பார்த்தார், அதுவும் வரவில்லை. சிறகனுக்கே இதைச் செய்யத் தெரியவில்லையே என்று நான்தான் வாங்கி மாற்றிக் காட்டினேன். "நீயே வச்சுக்க," என்றார். நாங்கள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிய பிறகும் எதிர்ப்பக்க நிழலில் சென்னை பஸ்ஸுக்காக நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பஸ்ஸில் இருந்த கூட்டத்தில் நசுங்கியதில் பொம்மையின் இடது இறக்கை பிடுங்கிக்கொண்டது. உள்ளேயிருந்த ஸ்பிரிங் எகிறி யாருடைய பைக்குள்ளோ போய்விட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே நான் அழுதுகொண்டு வந்தேன். அத்தை தெருமுனையிலேயே என்னை விட்டுவிட்டு அவசரமாகப் பாலக்கரைக்குப் போய்விட்டாள்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பொம்மையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கருவிப் பெட்டியை எடுத்து வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பழைய பேனா ஒன்றின் ஸ்பிரிங்கை எடுத்து அளவாக வெட்டி, அதை இறக்கைக்குள் பொருத்த ஆரம்பித்தார்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"அத்தை," என்றேன். சத்தியம் ஞாபகம் இருந்தது.

அவர் திருப்புளியை மெதுவாகத் திருகினார். "அத்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

"இளைச்சிட்டாளா?"

அத்தை முந்தின வாரம்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அடை சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். "இல்லப்பா, குண்டாத்தான் இருக்காங்க," என்றேன். சமையலறை வாசலில் அம்மா கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தும் நகரவில்லை.

"தொண்டை எப்படி இருக்கு? கொஞ்ச நாளா சரியில்ல போலருக்கே."

"யாருக்குப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் இறக்கையை மடக்கியும் விரித்தும் பார்த்தார். "அத்தைக்குத்தான்," என்றார்.

"அவங்க தொண்டைக்கு என்ன? வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வந்தாங்க."

"சரி," என்று பொம்மையை என் கையில் கொடுத்தார். முன்பைவிட விறைப்பாக, ஒரு தட்டு தட்டினால் படக்கென்று விரிகிற மாதிரி ஆகியிருந்தது அந்த இறக்கை.

திங்கட்கிழமை பிரசன்னா தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். வகுப்பில் எழுந்து நின்று, தான் நேரில் பார்த்ததாகவும், அந்தக் கத்தலில் கோயில் வாசலே காலியாகிவிட்டதாகவும், நானே சொல்லக் கூச்சப்படும் அளவுக்குப் பெருக்கிச் சொன்னான். அவன் அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊறுகாய்ச் சிநேகிதி மத்தியானம் திரும்பி வந்துவிட்டாள். உலகத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குச் சித்தப்பா கொள்ளிடம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். போன் போட்டுக் கூப்பிட்டது அப்பாதான். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்று அம்மா மண்டபம் படித்துறையில் நுங்கும் நுரையுமாகப் போன காவேரியைப் பார்த்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒரே இலையிலிருந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டதை நான் பார்த்தேன். இப்போதும் சித்தப்பா வந்தால் அப்பா அவருக்கு மிளகுப் பால் போடச் சொல்கிறார், தொண்டை நன்றாக இருந்தாலும்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, பிரசன்னா சாட்சி சொன்ன அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான். மொபெட் சத்தம் கேட்டது. கார்ட்டூன் பாட்டும் வந்தது. அப்பா கொல்லைக்குப் போகவில்லை. கிரீஸ் கையை உடம்பில் படாமல் அகல வைத்துக்கொண்டு, கூடத்தில் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். நான் ஆச்சரியத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டேன். டிவியில் இரண்டு டைனோசர்கள் சவால் விட்டுக்கொண்டிருந்தன. பிறகு பற்பசை விளம்பரம் வந்தது. அப்பா அதையும் கண் எடுக்காமல் பார்த்தார்.

"அவன் எப்ப பாப்பா வருவான்?" என்றார் மெதுவாக.

"விளம்பரம் முடிஞ்சதும் வந்துருவாம்ப்பா," என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். இவ்வளவு வருஷம் கை கழுவியே காலத்தைக் கழித்துவிட்டார், பாவம், ஒன்றும் தெரியவில்லை, யார் நல்லவன் யார் கெட்டவன் என்பதிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.